ஆறு பேரை வளர்க்கக் கிளம்பியவர்

மனிதர்களில் ஆள் வளர்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நாய் வளர்ப்பவர், மீன் வளர்ப்பவர், மொட்டை மாடியில் கத்திரிக்காய் வளர்ப்பவர் யாரும் இதில் சேர்த்தியில்லை. அவர்கள் தீனி போடுகிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள், பாவம், உழைக்கிற ஜனங்கள். ஆள் வளர்ப்பவருக்கு அந்தச் சள்ளையெல்லாம் கிடையாது. உங்களை எதிரே உட்கார வைத்து, பேனா மூடியைக் கழற்றி, தலையைச் சற்றுச் சாய்த்து, "அடுத்த வருஷம் இதே தேதியில நீங்க எங்க இருக்கறதா பார்க்கறீங்க?" என்று கேட்பார். இங்கேதான் இருப்பேன், வேறு எங்கே போவேன் என்று சொல்லிப் பாருங்கள். உங்களைப் பார்த்து அவர் விடுகிற பெருமூச்சில் மேஜை மேலுள்ள காகிதமெல்லாம் பறக்கும்.

வருஷத்தில் பதினோரு மாதம் இவர் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். டிசம்பர் கடைசி வாரத்தில் புது டைரி ஒன்று கைக்கு வந்தால் போதும், கண்ணில் ஒரு மினுமினுப்பு ஏறிவிடும். வீட்டில் இருந்தால் பெண்டாட்டியை வளர்ப்பார், பிள்ளையை வளர்ப்பார். குடியிருப்போர் சங்கத்தில் இருந்தால் தெருவையே வளர்ப்பார். இவரிடம் ஒரு நிறுவனத்தையும் ஆறு ஊழியர்களையும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? செவிலிமேட்டில் நிலாச்சுடர் லைட்டிங் கம்பெனிக்கு ஆனதுதான் ஆகும்.

நிலாச்சுடர் கம்பெனியின் வேலை, கல்யாண மண்டபத்துக்கும் கோயில் உற்சவத்துக்கும் பட்டுக்கடை வாசலுக்கும் சீரியல் விளக்குப் போடுவது. மயில், அன்னம், கலசம், 'நல்வரவு' என்று எது கேட்டாலும் பல்பில் செய்து நிறுத்துவார்கள். முதலாளி அக்பர் பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். மற்றபடி கடை, சாவி, ரப்பர் ஸ்டாம்ப், ஊழியர்கள் எல்லாம் மேனேஜர் கலியாணசுந்தரத்தின் பொறுப்பு. நல்ல மனுஷர்தான். யாரையும் திட்ட மாட்டார். சென்னையில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது இந்த வளர்ப்புப் பித்து.

ஜனவரி இரண்டாம் தேதி காலையில் டீயும் மிக்சரும் வைத்துக் கூட்டம் நடந்தது. "கம்பெனி வளரணும்னா நீங்க வளரணும். ஆளுக்கு ஒரு கோல், அதாவது இந்த வருஷத்து இலக்கு, சொல்லுங்க" என்றார் கலியாணசுந்தரம். யாரும் வாயைத் திறக்கவில்லை, மிக்சருக்குத் தவிர. கடைசியில் ஏணி ஏறிக் கட்டுகிற காசிநாதன், வயதில் மூத்தவர் என்ற பொறுப்பில் எழுந்தார்.

"ஏணியிலேர்ந்து உழாம இருக்கணும் சார். போன வருசம் ரெண்டு தபா உழுந்துட்டேன்."

"அது நெகட்டிவ், காசிநாதன். இல்லாம இருக்கறது எப்படி ஒரு கோல் ஆகும்?" என்று சொல்லி, 'உயரத்துடன் என் உறவை மேம்படுத்திக்கொள்வேன்' என்று எழுதிக்கொண்டார். வேன் ஓட்டுகிற தாவீது, வண்டிக்கு பிரேக் மாற்ற வேண்டும் என்றான். 'நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் தலைமைப் பண்பு' என்று அது ஆயிற்று. பில் போடுகிற நஸ்னீன், சாயந்தரம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அதை என்னவாக எழுதினார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு ஏழரைக்குத்தான் போனாள், அதை எழுதி முடிக்கும்வரை எல்லோரும் இருக்க வேண்டியிருந்தது. பேக்கிங் பிரிவில் இரண்டு பேர், தங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். 'பற்றற்ற செயல்திறன்.'

அடுத்தது பொன்னி. அவள் மட்டும் கையில் ஒரு காகிதத்தோடு வந்திருந்தாள்.

பொன்னி ஆறு வருஷமாக அந்தக் கம்பெனியில் ஒயரிங் செய்கிறவள். மயிலின் தோகை பச்சையிலிருந்து நீலத்துக்கு ஓடுகிறதே, அது அவள் கை. செவிலிமேட்டில் தெருத்தெருவாகப் புது வீடுகள் எழும்புகின்றன; ஒவ்வொன்றுக்கும் ஒயரிங் செய்ய ஆள் தேடுகிறார்கள். "சர்டிபிகேட் இருக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவளைவிடப் பாதி தெரிந்தவனிடம் வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சர்டிபிகேட்டுக்குத்தான் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு. விண்ணப்பத்தில் எல்லாம் அவளே நிரப்பிவிட்டாள். 'பணி அனுபவம் எத்தனை ஆண்டுகள்' என்ற கட்டத்தை நிறுவனம்தான் நிரப்பி, கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும்.

"ஒரே ஒரு கையெழுத்து சார். இருபதாந் தேதி அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். உட்டா அடுத்த வருசந்தான்."

கலியாணசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா! இதுதான் கோல்! இதுதான் குரோத்!" என்று சத்தமாகக் கை தட்டினார், மற்றவர்களையும் தட்ட வைத்தார். பிறகு விண்ணப்பத்தை வாங்கி ஒரு பச்சை ஃபைலில் வைத்து மூடினார்.

"கையெழுத்து சார்..."

"அவசரப்படாத பொன்னி. இவ்ளோ பெரிய கோல ஒரே மூச்சில முழுங்கக் கூடாது. படிப்படியா பிரிக்கணும். முதல் படி, ஒயரிங் கத்துக்கணும்ங்கற ஆர்வத்த உண்டாக்கிக்கறது."

"ஒயரிங் தெரியும் சார். ஆறு வருசமா அதான் பண்ணிக்கினு இருக்கேன்."

"பார்த்தியா, தெரியும்னு நெனைக்கறதுதான் வளர்ச்சிக்கு முதல் தடை" என்றார் அவர், அத்தனை பிரியத்தோடு.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? திட்டுகிறவரைத் திருப்பித் திட்டலாம். உங்கள் முன்னேற்றத்துக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டே உங்கள் காகிதத்தின் மேல் உட்கார்ந்திருப்பவரை என்ன செய்ய முடியும்? பொன்னி வெள்ளிக்கிழமை வரை பொறுத்து அக்பர் பாயிடம் சொன்னாள். "ஸ்டாம்ப் மேனேஜர்கிட்டதாம்மா இருக்குது, போட்டுக் குடுப்பாரு" என்று அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நடுவில் கலியாணசுந்தரத்துக்கு இன்னொரு யோசனை உதித்தது. விளக்குக் கம்பெனியின் வளர்ச்சி விளக்கிலேயே தெரிய வேண்டாமா? கடை முகப்பில் ஒரு வளர்ச்சிப் பலகை. அவரையும் சேர்த்து ஏழு பேருக்கு ஏழு வரிசை. வரிசைக்குப் பன்னிரண்டு பல்பு. ஒரு படி ஏறினால் ஒரு பல்பு எரியும். சுவிட்சுகள் அவர் மேஜைக்கடியில். செய்து தரப்போவது யார்? பொன்னிதான். பொங்கல் லீவுக்கு முன்னால் மூன்றே நாளில், எண்பத்து நாலு பல்புக்கும் தனித்தனி இணைப்புக் கொடுத்து, ஒரு ஒயர்கூட வெளியே தெரியாமல், தறியில் பூட்டிய பட்டுப் பாவு மாதிரி நூல் பிடித்த ஒழுங்கில் செய்து மாட்டினாள்.

கலியாணசுந்தரம் பலகையின் முன் நின்று, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்து, குழந்தை மாதிரிச் சிரித்தார். எண்பத்து நாலும் எரிந்தன. எண்பத்து நாலும் அணைந்தன. பிறகு அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டே கேட்டார்: "அந்தப் பரீட்சைக்கு பிராக்டிகல் அனுபவம் வேணும்னு போட்டிருக்காங்களே பொன்னி, அதுக்கு என்ன பண்ணப் போறே?"

பொன்னிக்கு அழுகை வந்தது; அழவில்லை. டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "என் வரிசையில ஒரு பல்பாவது போடுங்க சார்" என்றாள். பலகை செய்வது அவளுடைய கோலில் இல்லாததால் போட இயலாது என்று அவர் வருத்தத்துடன் விளக்கினார்.

ஆனால் அவருக்கும் ஒரு வேதனை இருந்தது. அவருடைய கோல், 'ஆறு பேரை வளர்த்தல்.' யாராவது ஒருவர் வளர்ந்தால்தான் அவர் வரிசையில் ஒரு பல்பு எரியும். விளக்குக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கரண்டு இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

இருபதாம் தேதி வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேனேஜர் அறைக் கதவில் 'ஒன் டு ஒன் (தனிச் சந்திப்பு) நடக்கிறது, தட்ட வேண்டாம்' என்று ஓர் அட்டை தொங்கியது. பொன்னி நஸ்னீனிடம் ஓடினாள்.

"உள்ள யாரு, அக்கா?"

"சாரு."

"அவர் கூட யாரு?"

"அதுவும் சாருதான்" என்றாள் நஸ்னீன். "அவரும் ஊழியர்தானேன்னு தன்னையே கூப்ட்டு வெச்சுப் பேசிக்கினு இருக்காரு. எனக்கு எதுவும் தெரியாதும்மா, நான் பில் போடறவ."

பொன்னி கதவிடுக்கில் பார்த்தாள். கலியாணசுந்தரம் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். எழுந்து மேஜையைச் சுற்றி வந்து எதிர் நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்தார். பதில் வரவில்லை. மறுபடி சுற்றிப் போய், பதில் வராததை டைரியில் குறித்துக்கொண்டார். இப்படியே மூன்று மணி ஆயிற்று. மூன்றே காலும் ஆயிற்று. அவளுடைய ஒரு வருஷம் அந்தப் பச்சை ஃபைலுக்குள் இருந்தது, ஃபைல் அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது. பொன்னிக்குப் பதினெட்டு நாளாக இருந்த பயம் போய்க் கோபம் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ரெண்டு நிமிஷம் பொன்னி. ஒரு கஷ்டமான கட்டத்துல இருக்கோம்."

"சார், இது என் கோலு இல்ல சார். உங்க கோலு."

கலியாணசுந்தரம் நிமிர்ந்தார்.

"இதுல நீங்க கையெழுத்து போட்டா நீங்க ஒரு ஆள வளத்துட்டீங்கன்னு அர்த்தம். உங்க வரிசையில ஒரு பல்பு எரியும். இன்னிக்கே எரியும்."

அடுத்த அரை நிமிஷத்தில் என்ன வேகம்! ஃபைல் திறந்தது, பேனா பறந்தது, முத்திரை விழுந்தது. காகிதத்தைத் தானே மடித்து, தானே உறையிலிட்டு, தானே ஒட்டி, இரு கைகளாலும் பட்டம் வழங்குவதைப் போல நீட்டினார். பொன்னி ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்துக்குப் போய் நின்றபோது மணி நாலு பத்து.

கவுண்டரில் இருந்தவர் உறையைப் பிரித்தார், படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, அனுபவம் ஆறு வருஷமா, பதினஞ்சு வருஷமா?"

"ஆறு சார்."

அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். கட்டத்துக்குள் அழகான கையெழுத்தில், '6 ஆண்டுகள் (இலக்கு: 15)' என்று எழுதியிருந்தது.

வெறும் ஆறு என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. அதில் என்ன வளர்ச்சி இருக்கிறது?

"யார் எழுதினாங்களோ அவங்களே அடிச்சுட்டு, பக்கத்துல கையெழுத்து போட்டு முத்திரை வெச்சா வாங்கிக்கறேன். அஞ்சு மணி வரைக்கும் இருப்பேம்மா" என்றார் அவர். நியாயமான மனுஷர்.

பொன்னி போன் செய்தாள். தப்பு எழுதிவிட்டீர்கள் என்று சொல்லியிருந்தால், அதை ஒரு கற்றல் அனுபவமாக எடுத்துக்கொண்டு பிப்ரவரி வரை யோசித்திருப்பார். அவள் பதினெட்டு நாளில் ஆளைப் படித்துவிட்டாள்.

"சார், உங்க பல்பு அணையப் போவுது சார்!"

நாலு ஐம்பதுக்கு, மண்டபத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிய தாவீதின் வேன் அலுவலக வாசலைத் தாண்டிப் போய் நின்றது. பிரேக் இன்னும் மாற்றவில்லை. பின்பக்கம் எட்டடி மயிலைக் கட்டிப் பிடித்தபடி, கழுத்தில் டையும் கையில் ரப்பர் ஸ்டாம்பும், தலையெல்லாம் புழுதியுமாகக் கலியாணசுந்தரம் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு நாள் நாலடி தூரத்தில் இருந்த காகிதத்தைத் தேடி ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்துவிட்டார். இலக்கை அடித்தார், கையெழுத்திட்டார், முத்திரை வைத்தார். கவுண்டர்காரர் விண்ணப்பத்தை வாங்கி ரசீது எழுதும்போது, கலியாணசுந்தரம் கம்பி வழியாகக் குனிந்து கேட்டார்:

"உங்களுக்கு இந்த வருஷம் என்ன சார் கோல்?"

"அஞ்சு மணிக்கு ஷட்டர எறக்கறது."

"பிரமாதம்!" என்றார் கலியாணசுந்தரம், மனதார.

ரசீதைப் பொன்னி இரண்டு தடவை படித்தாள், மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள், பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு பாட்டம் அழுதாள்.

தேர்வு நடந்தது. தேறினாள். ரிசல்ட் வந்த மறுநாள் காலை செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் இருபதடி பிளெக்ஸ் முளைத்தது. அதில் கைகட்டி நின்று சிரிக்கிறவர் கலியாணசுந்தரம். கீழே வலது ஓரத்தில், ரேஷன் கார்டு அளவில், பொன்னி. அவள் அதைப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். புது வீடொன்றில் ஒயரிங் வேலைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் பார்த்தாள். நேரமாகிவிட்டதால் நிற்கவில்லை. கலியாணசுந்தரமோ அவள் வேலையை விட்டுப் போனதில் துளியும் வருந்தவில்லை. ஆள் வளர்ந்தது கணக்கில் ஏறிவிட்டதால், அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். முன் அனுபவம் இல்லாதவராக இருந்தால் நல்லதாம், வளர்க்க வசதியாக இருக்கும்.

இப்படியும் ஒரு மனுஷரா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மகளை எங்கேயோ உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தப் போவதாகப் போன வாரம் யாரிடமோ மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அதைப் பற்றியும் நான் பேச வரவில்லை. ஒன்றே ஒன்றுதான். நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து கதவோரம் ஒரு காகிதத்தைப் பிடித்தபடி ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். "ரெண்டு நிமிஷம்" என்று அவரிடம் கையைக் காட்டினீர்கள். பேனா உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது.