சிந்தாத மோர்

உலகத்தில் கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் பிறந்தார். அவரும் மதுரையில் ஒரு பருத்தி மண்டியில் தலைமைக் கணக்கப்பிள்ளையாகவே காலத்தைக் கழித்துவிட்டார். வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் மோர்க்காரர்.

குமாஸ்தா வேலை கேட்டு வருகிறவன் கையில், விளிம்பு தட்ட ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து, வாசலிலிருந்து தம் மேசை வரை நடந்து வரச் சொல்வார். நிறையச் சிந்தினால் லேசான கணக்கு. சிந்தாமல் வந்தால் மலைக்கணக்கு.

"நடுங்குறவன் தலையில பாறாங்கல்ல வச்சா அவன் எப்பிடிப்பட்ட ஆளுன்னு தெரியுமா? கல்லு எம்புட்டுக் கனம்னுதான் தெரியும்" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெருத்தெருவாக வேலையில்லாமல் திரிந்த காலம். வேலையோடு வந்தால்தான் பெண் என்று திருமங்கலத்து மாமா சொல்லிவிட்டார். நானும் மண்டிக்குக் கிளம்பினேன். நண்பன் சோணை உபதேசம் செய்தான்.

"மாப்ள, தாராளமாச் சிந்திரு. ரெண்டும் ரெண்டும் எம்புட்டுன்னு கேட்டு உள்ள சேத்துக்கிருவாரு."

"சிந்துறதுக்கு நான் படிச்சிட்டா போகணும்? சட்டைக்குப் பித்தான் போடவே எனக்குக் கை நடுங்கும்."

அந்தத் தைரியத்தில்தான் போனேன். டம்ளர் கைக்கு வந்ததும் பயம் என்னை ஐயனார் கோயில் மண்குதிரையாக்கிவிட்டது. விரல் அசையவில்லை, முழங்கை மடங்கவில்லை. ஆட்டித் தொலையடா என்று மனசு கதறியது, கை கேட்கவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

மோர்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "இப்பிடி ஒரு கையை நான் பாத்ததில்ல தம்பி. ஒனக்குச் சின்னதாக் கேட்டா எனக்குத்தான் அவமானம்."

நூறு பொதி பஞ்சு வண்டியில் வருகிறதாம். வழியில் மழையாம். கால்வாசி நனைந்து எடை கூடிவிட்டதாம். அதில் பாதி காய்ந்ததாம். எனக்கு மழை மட்டும்தான் தெரிந்தது.

"சரி, மழைய விட்டுருவோம். நூறு பொதியில கால்வாசி எம்புட்டு?"

விரல் விட்டு எண்ணப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை.

"பொதியையும் விட்டுருவோம். ஒம் பேரு என்ன?"

அப்பா பேரைச் சொன்னேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "காலையில சாப்பிட்டியா தம்பி?"

"இல்லங்கய்யா."

"அம்புட்டுத்தான். சரியாச் சொல்லிட்ட" என்று இட்லி வாங்கிவரச் சொன்னார். நான் தின்னத் தின்ன, பேரு, பொதி, மழை என்று ஒவ்வொரு படியாகத் திரும்ப ஏற்றினார். இலையைச் சுருட்டுவதற்குள் நனைந்த பஞ்சு அத்தனைக்கும் எடை சொல்லியிருந்தேன். மறுநாள் வேலை, தையில் கல்யாணம்.

அதன் பிறகு எவ்வளவோ பெரிய மனிதர்கள் என்னைக் கேள்வி கேட்டுவிட்டார்கள். என் அளவு பார்த்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.