வியாழக்கிழமைப் பலூன்

துருக்கிக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவர் சச்சிதானந்தன்தான். இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கவேண்டும். அவர் பிறகு மறந்துவிட்டார்.

அவர் மனைவி யோகாவுக்கு ஆஸ்பத்திரியில், நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்குக் கொடுக்கும் லோங் சேர்விஸ் லீவ் கிடைத்திருந்தது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக ஊர் உலகத்து இரத்தத்தையெல்லாம் பார்த்தாயிற்று, இனி உலகத்தைப் பார்க்கப்போகிறேன் என்றாள். சச்சிதானந்தன் உடனே துருக்கி என்றார். சரித்திரம் நிறைந்த நாடு என்றும் சொன்னார். அவர் மனதில் இருந்தது கெபாப். மெல்பேர்னில் அவர்கள் குடியிருக்கும் ரோவில் என்ற பகுதியின் கடைத்தெருவில் சனிக்கிழமை வாங்கும் கெபாப்பே இந்தப் போடு போட்டால், அது பிறந்த வீட்டில் எப்படி இருக்கும் என்பதுதான் அவருடைய சரித்திர ஆராய்ச்சி.

யோகா மறுபேச்சில்லாமல் ஓம் என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் ஓம் சொன்னது இதோடு மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று யோசித்திருந்தால் மனுஷன் அன்றைக்கே சுதாரித்திருப்பார்.

அடுத்த நாள் குசினியில் அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது யோகா போனை மூக்குக்கு நேரே நீட்டினாள். படத்தில் கூம்பு கூம்பாகக் கல்மலைகள். அவற்றுக்கு மேலே வானம் கொள்ளாமல் பலூன்கள்.

"வடிவாத்தான் இருக்கு," என்றார்.

"கப்படோக்கியா. விடியப்புறம் நூறு பலூன் ஒண்டா எழும்புமாம். நாங்களும் ஏறுறம்."

"நாங்கள் எண்டா ஆர்?"

"நானும் நீங்களும். வேற ஆர், பக்கத்து வீட்டுப் பூனையோ?"

சச்சிதானந்தனுக்குப் புரையேறியது.

அவருக்கு உயரம் என்றால் பயம். சாதாரணப் பயமில்லை. மூன்று படி ஏணியைக் கண்டால் காது அடைக்கும். ஆனால் இதை யோகாவிடம் சொல்லமுடியாது. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "துபாயில இருபத்தெட்டு மாடிக் கட்டடம் கட்டினனான்," என்று சொல்லிவிட்டார். அவர் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஸ்ரோர் கீப்பராக இருந்து ஆணி எண்ணியவர். கட்டடத்தின் உச்சியை அவர் பார்த்ததே தெருவுக்கு மறுபக்கம் நின்றுதான். ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவேண்டும். முப்பத்தொரு வருஷமாக வளர்த்தார். மாடி வீடு வேண்டாம், வயசு போனால் முழங்காலுக்குக் கூடாது என்று முப்பத்தைந்து வயதில் சொன்னார். மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியைத் துப்புரவாக்க ஆள் பிடித்தார். பல்ப் மாற்ற மகள் மயூராவைக் கதிரையில் ஏற்றிவிட்டு, "பிள்ளைக்கு உயரம் பழகவேணும்," என்றார்.

இப்போது பலூன். கூரை இல்லை, கதவு இல்லை, ஒரு பிரம்புக் கூடை.

பயமென்று ஒத்துக்கொள்ள மானம் விடவில்லை. ஏறுவதற்கு உயிர் விடவில்லை. ஒரே வழி, வேண்டாமென்று யோகாவே தன் வாயால் சொல்லவேண்டும். யோசித்தபடி நிமிர்ந்தவர் கண்ணில் குசினிச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டர் பட்டது.

யோகாவுக்கு அந்தக் கலண்டர்தான் சட்டப் புத்தகம். ராகுகாலத்தில் வேலை நேரம் போட்ட ரோஸ்டரைக்கூட வாங்கமாட்டாள். ஒருமுறை காரைத் தெருவில் இறக்குவதற்குப் பதினொரு நிமிஷம், வீட்டு வாசலிலேயே என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். அப்போது சச்சிதானந்தன், "சூரியனே வடக்குப் பக்கத்தால போற நாட்டில ராகுவுக்கு என்னப்பா வேலை?" என்று நக்கலடித்தவர். இன்றைக்கு அதே கலண்டரை எட்டி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

பயண அட்டவணையை அவரே போட்டார். திங்கள், செவ்வாய் இஸ்தான்புல். புதன் நிலத்துக்குக் கீழே ஒரு பழைய நகரம். பலூன் வியாழன்.

"வேற நாள் இல்லையோ?" என்று யோகா கேட்டாள்.

"வியாழன் விட்டா வெள்ளிக்கிழமை பிளேன்."

"சரி, பலூனை நான் புக் பண்ணுறன். மற்றதெல்லாம் நீங்கள் பாருங்கோ."

அவள் புக் பண்ணி முடிக்கும்வரை பொறுத்தார். அதற்குப் பிறகும் ஒரு கிழமை பொறுத்தார். ஒரு மாலை, கலண்டருக்கு முன்னால் நின்று நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ, யோகா!"

"என்ன, அடுப்பை நிப்பாட்டேல்லையோ?"

"வியாழக்கிழமை விடிய ஆறிலயிருந்து ஏழரை என்ன நேரம்?"

"எமகண்டம்."

"பலூன் எத்தினை மணிக்கு?"

"ஆறேகால்." யோகா கரண்டியைக் கீழே வைத்தாள். "அது துருக்கி நேரமெல்லே. எங்கட கலண்டர் மெல்பேர்ன் நேரத்துக்குக் கணிச்சது. அங்க ஆறேகால் எண்டா இஞ்ச மத்தியானம் ஒண்டேகால்."

இந்தக் கேள்விக்காகத்தான் மனுஷன் ஒரு கிழமையாகக் காத்திருந்தார்.

"சரி, இஞ்சத்தைக் கணக்கையே பாப்பம். ஒண்டேகாலுக்கு ஏறினா ரெண்டேகாலுக்குத்தான் இறக்குவாங்கள். வியாழக்கிழமை ஒண்டரையிலயிருந்து மூண்டு?"

யோகா மெல்லச் சொன்னாள்: "ராகுகாலம்."

"பாத்தீரா! அங்கத்தைக் கணக்கில எமகண்டம், இஞ்சத்தைக் கணக்கில ராகுகாலம். ஒண்டு ஏத்தி விடுது, மற்றது இறங்க விடாது. எனக்கெண்டா ஏறத்தான் ஆசை. துபாயில நான் பாக்காத உயரமோ? உம்மை நினைச்சாத்தான்..." குரலைத் தழுதழுக்க விட்டார். அது நன்றாகவே வந்தது.

யோகா கலண்டரை இன்னொரு தடவை பார்த்தாள். காசு போனால் போகட்டும், விடுவம் என்று சொல்லப்போகிறாள் என்று சச்சிதானந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை கோயில்ல ஐயரிட்டக் கேப்பம்," என்றாள்.

ஞாயிறு காலை த பேசின் என்ற புறநகருக்குக் கார் போனது. பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து ஐயர் ஓய்வாக நின்றார். யோகா விஷயத்தைச் சொன்னாள். ஐயர் இரண்டு தடவை, "எதில ஏறப்போறியள்?" என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"பலூனுக்கெண்டு தனியா ஒண்டும் சொல்லியிருக்கேல்லை. வெளிக்கிடுற நேரம்தான் கணக்கு. எமகண்டம் பிறக்க முதல் அறையை விட்டு வெளிக்கிட்டாச் சரி. எத்தினை மணிக்கு வந்து ஏத்துவினம்?"

"விடிய நாலரைக்கு, ஐயா."

"பிறகென்ன? சந்தோஷமாப் போட்டு வாங்கோ."

இத்தோடு சச்சிதானந்தன் வாயை மூடிக்கொண்டு பிரசாதம் வாங்கியிருக்கலாம். விதி யாரை விட்டது?

"இல்லை ஐயா, எண்டாலும் எனக்கு மனம் சஞ்சலமாவே இருக்கு," என்றார்.

"சஞ்சலமா இருந்தா, போற பயணம் நல்லபடியா முடியவேணும் எண்டு பிள்ளையாருக்கு ஏதும் தொண்டு நேந்துகொண்டு போங்கோவன்."

"என்ன தொண்டு ஐயா?" யோகா கேட்டாள்.

"அவையவைக்கு இயண்டது."

ஐயர் வாய் மூடவில்லை. யோகா சந்நிதியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டாள். சத்தமாகவே சொன்னாள்: "பிள்ளையாரே, இந்தப் பயணம் பத்திரமா முடிஞ்சா, இவர் ஒரு வருஷத்துக்கு ஞாயிற்றுக்கிழமையில அன்னதானக் கிடாரமெல்லாம் கழுவித் தருவார். என்னப்பா?"

ஐயர் பார்க்கிறார். பின்னால் நின்ற நாலு பேர் பார்க்கிறார்கள். பிள்ளையாரும் பார்த்தார். சச்சிதானந்தன் தலையை ஆட்டினார். சோறு காய்ச்சும் அந்தக் கிடாரங்கள் எப்படிப்பட்டவை என்று அவருக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளை உள்ளே இருத்திக் குளிப்பாட்டலாம். முழங்காலைச் சாட்டி, மூன்று வருஷமாக அந்தப் பக்கமே போகாமல் தப்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் ரீவியில் கிரிக்கெட் பார்த்து வந்தவர் அவர். மடைப்பள்ளிக்குப் பொறுப்பான வேதவல்லி அன்ரி எங்கிருந்தோ பேனையும் கையுமாக வந்து, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அவர் பெயரை எழுதிவிட்டுப் போனார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். இருந்தாலும் காரில் வரும்போது அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. நேர்த்தி பலூன் பயணத்துக்குத்தானே! ஏறாவிட்டால் பயணமும் இல்லை, கிடாரமும் இல்லை. இப்போது இரட்டிப்பாகத் தப்பவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் தப்ப வழி கிடைக்கவில்லை. காற்று அடித்தால் பலூனை ரத்துச் செய்வார்கள் என்று வாசித்து, கப்படோக்கியாவின் வானிலையை நாளுக்கு ஆறு தடவை பார்த்தார். காற்று அசையவில்லை. இடுப்பு நோகிறது என்றார். யோகா எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஒருநாள் வந்திருந்த மயூரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா, ஆர் யூ ஸ்கேர்ட்?"

"ஆர், நானோ? துபாயில..."

"ஐ நோ, ஐ நோ. ட்வென்ட்டி எய்ட் ஃப்ளோர்ஸ்."

செப்டெம்பரில் போனார்கள். இஸ்தான்புல்லில் கெபாப் அவருடைய ஆராய்ச்சியைப் பொய்யாக்கவில்லை. புதன்கிழமை அந்த நிலத்தடி நகரம். எட்டுத் தட்டுக் கீழே, கல்லைக் குடைந்து அறைகள், கிணறு, மாட்டுத் தொழுவம், திராட்சை மிதிக்கும் தொட்டி. எதிரிகள் வந்தால் ஊரே உள்ளே போய், வட்டக் கல்லை உருட்டி வாசலை அடைத்துவிட்டு மாதக்கணக்காக இருக்குமாம். மற்றவர்கள் மூச்சு முட்டுகிறது என்று பாதியில் திரும்பினார்கள். சச்சிதானந்தன் வழிகாட்டியையும் முந்திக்கொண்டு இறங்கினார். அடித்தட்டில் நின்று, "என்ன அருமையான சனங்கள்!" என்றார்.

"கீழ போறதெண்டா உங்களுக்கு முன்னுக்கு நிக்கத் தெரியுது," என்றாள் யோகா. அவருக்கு அது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை நாலேகாலுக்கு, எமகண்டம் பிறக்க நிறைய நேரம் இருக்கையில், யோகா வலது காலை வைத்து அறையை விட்டு வெளிக்கிட்டாள். சச்சிதானந்தன் பின்னால் போனார். வேன் ஒரு வெளியில் கொண்டுபோய் இறக்கியது. இருட்டு விலகிக்கொண்டிருந்தது. பலூன்கள் தரையில் சாய்ந்து கிடந்து, நெருப்பு இரைய இரைய ஒவ்வொன்றாக எழும்பி நின்றன. ஒவ்வொன்றும் ரோவில் வீட்டை விழுங்கிவிடும் அளவு. கூடைக்குள் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு முழங்கால் ஆடியது. இந்தத் தடவை உண்மையாகவே. கிடாரம் மறந்துபோயிற்று, மானம் மறந்துபோயிற்று. யோகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோகா, எனக்கு ஏலாது. எனக்கு உயரம் சரியான பயம். துபாயில நான் கட்டடம் கட்டேல்லை. கீழ இருந்து ஆணிதான் எண்ணினனான்." சொல்லி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷப் பாரம் இறங்கிய இடம் தெரியவில்லை.

யோகா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "தெரியும்."

"தெரியுமோ? எப்ப இருந்து?"

"மாடி வீடு வேண்டாமெண்டு சொன்னியளே, அண்டையிலயிருந்து."

கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். பலூன் ரிக்கெற். ஒரே ஒரு பெயர். அவளுடையது.

"பிறகேன் என்னை இவ்வளவு பாடுபடுத்தினனீர்?"

"பாடுபட்டது நீங்கள். நான் ஒண்டும் சொல்லேல்லையே. உங்கட போன் இருக்குத்தானே? கீழயிருந்து வடிவா வீடியோ எடுங்கோ, தலையை வெட்டிப் போடாதேங்கோ."

கூடை மெல்ல எழும்பியது. யோகா மேலேயிருந்து கை காட்டினாள். சூரியன் மலைக்கு மேலே வந்தபோது, கல் கூம்புகளெல்லாம் மஞ்சளாக மாற, அவற்றுக்கு மேலே அவள் ஒரு சின்னப் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தாள். சச்சிதானந்தனுக்குத் தன் மனைவியை நினைக்கப் பெருமையாக இருந்தது. தன் கால் தரையில் இருப்பதை நினைக்க அதைவிடப் பெருமையாக இருந்தது. பலூனைப் பின்தொடர்ந்து போன வண்டியில் ஏறி, வழியெல்லாம் சாரதிக்கு பிஸ்கற் கொடுத்தார்.

பலூன் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. யோகா கையில் ஒரு சான்றிதழுடன், முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். சச்சிதானந்தன் தொண்டையைச் செருமினார்.

"யோகா, ஒரு நியாயம் கதைக்கவேணும். நான் பலூனில ஏறேல்லை. ஆனபடியால் அந்த நேர்த்தி என்னைச் சேராது."

"நீங்கள் ஏறினா எண்டு ஆர் நேந்தது? பயணம் பத்திரமா முடிஞ்சா எண்டுதானே நேந்தது? முடிஞ்சிட்டுது. வேதவல்லி அன்ரிக்கு இப்பவே படம் அனுப்பிட்டன். பாவம், மூண்டு வருஷமாக் கிடாரம் கழுவ ஆள் தேடின மனுஷி. நீங்கள் வியாழக்கிழமை எண்டு அட்டவணை போட்ட அண்டைக்கே எனக்கு அவவின்ர நினைவு வந்திட்டுது."

சச்சிதானந்தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார். யோகா அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. மடைப்பள்ளி நிலத்தோடதானப்பா இருக்கு."