பொருள்: பனிமலர் இல்லத்தை விற்பது தொடர்பாக

இரவுச் சாப்பாடு முடிந்து, குழந்தை தபிதாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஹெப்சிக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பெரிய பறவை இறக்கை அடிப்பதுபோலப் படபடவென்று ஒரு சத்தம். அது அடங்கியதும் உர்ரென்று ஓர் உறுமல். உறுமலுக்கு நடுவே யாரோ மெல்லிய குரலில், "சிரிங்க" என்றார்கள்.

ஹெப்சி கான்வென்ட்டில் படித்தவள். பயம் வந்தால் சொல்லும்படி கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்திருந்த ஜெபத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். சத்தம் நிற்கவில்லை. தமிழில் சொன்னாள். நின்றது. ஆனால் கதவிடுக்கு வழியாகச் சாம்பிராணி வாசனை வர ஆரம்பித்தது. அவளுக்குத் தெரிந்து எந்தத் திருடனும் சாம்பிராணி போட்டுவிட்டுத் திருடுவதில்லை. அதனால் பயம் இரண்டு மடங்காயிற்று.

அவள் வீடு தாம்பரம் பக்கம் சேலையூரில் ஆனந்த விகாஸ் அடுக்ககத்தின் கடைசி மாடியில் இருந்தது. வாசலைத் திறந்தால் எதிரே மொட்டை மாடிக்கு ஏறும் படி, அதன் முடிவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருந்த ஒன்று ஒரு புயலில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்துக் கட்டடம் கையெட்டும் தூரம் என்பதால், ஒரு பூனை அங்கிருந்து தாவி, கதவை முட்டித் திறந்து, படியிறங்கி, எல்லார் வீட்டுப் பாலையும் விசாரித்துவிட்டுப் போகும். பூனைக்கு வழி இருந்தால் மனிதனுக்கும் உண்டு என்பது ஹெப்சியின் கட்சி. அவள் வீட்டு வாசல் கதவோ பில்டர் போட்டுக் கொடுத்தது. தோளால் இடித்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திறந்துவிடும். கணவன் எபிக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட். அவன் இல்லாத இரவுகளில் கதவுக்குக் குறுக்கே ஷூ ஸ்டாண்டைத் தள்ளி, அதன்மேல் குக்கரை வைத்து, குக்கர்மேல் கரண்டியையும் வைத்துவிட்டுத்தான் அவள் படுப்பாள்.

ஒரு தாழ்ப்பாள் போட்டால் தீர்கிற விஷயம். போட முடியாததற்குக் காரணம் இலங்கையில் நுவரெலியாவில் இருந்தது.

எதிர்ப்பக்க அடுக்ககத்தார் எல்லாரும் சேர்ந்து ஏற்காட்டில் ஒரு விடுமுறை வீடு வாங்கியபோது, ஆனந்த விகாஸ் சங்கத்தின் மானம் பறிபோயிற்று. போன மானத்தை உள்நாட்டில் மீட்க முடியாது என்று செயலாளர் சாம்பசிவன் கருதினார். சாம்பசிவன் ஓர் அரசு அலுவலகத்தில் மனுக்களைப் பெற்று, திருப்பி அனுப்பி, ஓய்வு பெற்றவர். கடல் தாண்டினால்தான் கௌரவம் என்று பேசி, எல்லாரிடமும் பங்கு வசூலித்து, நுவரெலியாவில் பச்சைத் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டை வாங்கினார்கள். அதற்குப் பனிமலர் இல்லம் என்று பெயர் சூட்டினார்கள். வீடு நல்ல வீடு. இதுவரை யாரும் போனதில்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

போகாததால் பாசம் குறைந்ததா என்றால், இல்லை, கூடியது. ஒவ்வொரு வீட்டு ஹாலிலும் அதன் படம் சட்டமிட்டுத் தொங்கியது. இரண்டாம் மாடி கோகிலவாணி தன் தம்பி கல்யாணப் பத்திரிகையில், ஊர்ப் பெயர் போடும் இடத்தில், "தாம்பரம் – நுவரெலியா" என்று அச்சடித்தாள். பொருளாளர் சுவிசேஷமுத்து தினமும் குடும்ப ஜெபத்தில் அந்த வீட்டின் கூரையையும் மதிலையும் பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். ஹெப்சி மட்டும் விதிவிலக்கா? தபிதாவுக்குச் சோறு ஊட்டும்போது படத்தைக் காட்டி, "அங்க பாரு, நம்ம பனி வீடு" என்றுதான் வாயைத் திறக்க வைப்பாள். குழந்தைக்கு "அப்பா" என்று சொல்ல வருவதற்கு முன்பே "பனி வீடு" வந்துவிட்டது. எபி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனைவிட அந்த வீட்டைத்தான் குழந்தை அதிகம் பார்க்கிறது என்றான்.

இப்படிப்பட்ட வீட்டை விற்கலாமா என்ற கேள்வி ஜெயக்கொடியால் வந்தது. ஜெயக்கொடி அங்கே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். அவர் ஒருநாள் சாம்பசிவனுக்குப் போன் போட்டு, மழை உள்ளுக்கு வருது, வந்து கூரையைப் பாருங்க, வரமாட்டீங்கன்னா எனக்கே வித்துடுங்க, நான் பழுது பார்த்துக் குடியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். சங்கம் கலங்கிப் போயிற்று. "பனிமலர் இல்லத்தை விற்பதா, வேண்டாமா" என்பது பொருள் எண் ஒன்றாகப் பதிவாயிற்று.

மொட்டை மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் என்பது பொருள் எண் இரண்டு.

"சார், அந்தத் தாழ்ப்பாள்..." என்று ஹெப்சி போய் நிற்கும்போதெல்லாம் சாம்பசிவன் ஒரே பதிலைத்தான் சொல்வார். பொருள் ஒன்று முடியாமல் இரண்டை எடுத்தால் நிர்வாகம் என்று ஒன்று எதற்கு?

"சரி சார், என் செலவுல நானே போட்டுக்கறேன்."

"அது பொதுச்சொத்தும்மா. தீர்மானம் இல்லாம ஒரு ஆணி அடிக்க முடியாது."

"குழந்தையை வெச்சுக்கிட்டு ராத்திரி தனியா இருக்கேன் சார். பயமா இருக்கு."

"அதைத்தான் மனுவுல குறிப்பிட்டிருக்கீங்களே. பயம் பரிசீலனையில இருக்கு."

பொருள் ஒன்றை முடிக்க முதலில் கள ஆய்வு தேவை என்று முடிவாயிற்று. வீட்டைப் பார்க்காமல் வாங்கியது சரிதான். பார்க்காமல் விற்றால் நான்கு பேர் என்ன சொல்வார்கள்? சாம்பசிவன், கோகிலவாணி, மூன்றாம் மாடி தயாளன் ஆகியோர் அடங்கிய குழு ஸ்வெட்டர், மங்கி கேப் சகிதம் வேனில் ஏறிற்று. சுவிசேஷமுத்து ஜெபம் செய்து அனுப்பி வைத்தார். சித்திரை வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றாமலே தயாளன் கையசைத்த காட்சி பலரைக் கண்கலங்க வைத்தது.

அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் இரவுதான் ஹெப்சிக்கு அந்தச் சத்தம் கேட்டது.

விடிந்ததும் அவள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: மொட்டை மாடியில் யாரோ நடமாடுகிறார்கள், சாம்பிராணி வாசனை வருகிறது, தயவுசெய்து உடனே ஏதாவது செய்யுங்கள். நுவரெலியாவிலிருந்து சாம்பசிவன் பதில் போட்டார்: "இங்கே கடும் பனி. சிக்னல் சரியில்லை. திரும்பியதும் ஆவன செய்யப்படும்." கூடவே ஒரு படம். பச்சைக் கூரை வீட்டின் முன்னால் மூவரும் ஸ்வெட்டரில் நிற்கிறார்கள். சுற்றிலும் மூடுபனி. கோகிலவாணியின் முந்தானை காற்றில் பறக்கிறது. அடுக்ககமே அந்தப் படத்துக்கு இதயம் போட்டது. ஹெப்சியும் போட்டாள். பயந்துகொண்டே போட்டாள்.

அன்று மத்தியானம் சோறு ஊட்டுகையில் குழந்தைக்குப் புதுப் படத்தைக் காட்டினாள். "பனி வீடு" என்று சொல்ல வேண்டிய குழந்தை, படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "தபி போர்வ" என்றது.

ஹெப்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பைன் மரங்களுக்குப் பக்கத்தில், பனிக்கு நடுவே, ஒட்டகச்சிவிங்கி போட்ட ஒரு மஞ்சள் போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுக்க மறந்து, முந்தின நாள் பூராவும் மொட்டை மாடிக் கொடியில் கிடந்த போர்வை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. பனிமலர் இல்லம் ஆளுயரத்துக்கு அச்சிட்ட ஃப்ளெக்ஸ் சுருள் ஒன்று. அதைப் படபடக்க வைக்கவும் முந்தானையைப் பறக்க வைக்கவும் உறுமுகிற பெடஸ்டல் ஃபேன் ஒன்று. மூடுபனிக்குச் சாம்பிராணித் தட்டு.

பேயும் இல்லை, திருடனும் இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணம் கோபம் வந்தது. இத்தனை இரவுகள் குக்கர்மேல் கரண்டி வைத்துப் படுத்தது இதற்காகவா?

குழு திரும்பி வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பொதுக்குழு கூடிற்று. குழுவின் அறிக்கையைச் சாம்பசிவன் வாசித்தார். மேற்படி இல்லம் மேற்படி இடத்திலேயே இருப்பது உறுதி செய்யப்பட்டது. குளிர் திருப்திகரமாக உள்ளது. கூரை புகைப்படத்தில் ஒழுகவில்லை.

ஹெப்சி எழுந்தாள். போர்வையை விரித்துக் காட்டினாள். தொட்டிக்குப் பின்னால் இருந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

"நீங்க நுவரெலியா போகவே இல்ல. அப்படித்தானே சார்?"

சாம்பசிவன் அறிக்கையை மடித்து வைத்தார். தளத்தை அடையும் முயற்சியில் குழு தாம்பரத்தைத் தாண்டிப் பொத்தேரிவரை சென்றது உண்மை என்று ஒப்புக்கொண்டார். அங்கே தயாளனின் மச்சான் நடத்தும் மாணவர் விடுதியில் பகலில் தங்கி, இரவில் வந்து கடமையைச் செய்திருக்கிறார்கள். காரணத்தையும் சொன்னார். அவருடைய பாஸ்போர்ட் மனுவில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். முப்பது வருஷமாக அவர் மற்றவர்களுக்குச் செய்து வந்ததுதான். அது இவ்வளவு வலிக்கும் என்று யாருமே அவரிடம் சொன்னதில்லையாம்.

இனி ரகளைதான் என்று ஹெப்சி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுவிசேஷமுத்து எழுந்தார். தொண்டையைச் செருமினார். "அந்த ஃப்ளெக்ஸ் முன்னாடி குடும்பமா நிக்க முடியுமா சார்? நாங்க ஆறு பேரு."

"தாராளமா நிக்கலாம்" என்றாள் கோகிலவாணி. "ஓரமா நிக்கறவங்க மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கணும். இல்லன்னா தொட்டி தெரியும்."

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வர்றோம்."

"பகல்ல வேணாம் சார். வெயில்ல முகம் வேர்க்கும். பனியில வேர்த்தா யாரு நம்புவா?"

அதன்பின் ஆளாளுக்கு நேரம் கேட்க ஆரம்பித்தார்கள். ஸ்வெட்டர் இல்லாதவர்களுக்குச் சங்கமே பொது ஸ்வெட்டர் வாங்கி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை நாள் சொல்லவில்லையே என்றுதான் வருத்தப்பட்டார்கள்.

பிறகு பொருள் ஒன்று கையிலெடுக்கப்பட்டது. ஜெயக்கொடியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். பின்னணியில் பாத்திரத்தில் மழை சொட்டுகிற சத்தம் கேட்டது. சாம்பசிவன் விளக்கினார். நம்மிடம் இப்போது இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று ஒழுகுகிறது, தூரம், பாஸ்போர்ட் வேண்டும். மற்றொன்று ஒழுகாது, லிஃப்ட் உண்டு. எதை விற்பது என்பதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஒழுகும் வீட்டை ஜெயக்கொடிக்கு விற்பது என்றும், ஃப்ளெக்ஸை எந்நாளும் விற்பதில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று. பிரிவு தாங்காமல் கோகிலவாணி அழுதாள்.

"ஃப்ளெக்ஸுன்னா என்னங்க?" என்றார் ஜெயக்கொடி. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்கள்.

பொருள் எண் இரண்டு, ஒரு நிமிடத்தில் ஏற்கப்பட்டது. ஹெப்சிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அன்று இரவு எபியிடம் சொன்னபோது அவன், "பாத்தியா, பொறுமையா இருந்தா எல்லாம் நடக்கும்" என்று தன் பொறுமையைத் தானே பாராட்டிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போனான்.

மறுநாள் ஆள் வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனான். நல்ல கனமான தாழ்ப்பாள். ஹெப்சி படிப்பக்கம் நின்று கதவைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. தாழ்ப்பாள் அந்தப் பக்கம், மொட்டை மாடிப் பக்கம் இருந்தது.

நேராகச் சாம்பசிவன் வீட்டுக்கு இறங்கினாள். "சார், மாத்திப் போட்டுட்டான்."

"இல்லம்மா, சரியாத்தான் போட்டிருக்கான். மொட்டை மாடிதான் இப்ப பனிமலர் இல்லம். வீட்டுக்கு உள்பக்கந்தானே தாழ்ப்பாள் போடுவாங்க? படம் எடுக்கறப்ப யாராவது துணி எடுக்க வந்துட்டா?"

"அப்ப நான் எங்க சார் இருக்கேன்?"

"நீங்க வெளியில இருக்கீங்க. இந்தியாவுல."

"பக்கத்துக் கட்டடத்துலேர்ந்து திருடன் தாண்டி வந்தா?"

சாம்பசிவன் சற்று யோசித்தார். மனசாட்சி உள்ள மனிதர். "அது நுவரெலியா விவகாரம்மா. நம்ம வரம்புக்குள்ள வராது."

ஹெப்சி படியேறினாள். அன்று சாயங்காலம் எபி கிளம்பியதும் தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. அவள் ஷூ ஸ்டாண்டைத் தள்ளப் போனாள். பிறகு நின்று, அதை அப்படியே விட்டுவிட்டாள். அலமாரியின் அடியிலிருந்து, கல்யாணத்தில் வந்து இதுவரை உறை பிரிக்காத ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தபிதாவுக்கு மங்கி கேப். ஒரு பாய், பால் புட்டி, ஒட்டகச்சிவிங்கிப் போர்வை.

மேலே ஃப்ளெக்ஸ் நிரந்தரமாகவே கட்டியிருந்தது. அதன் முன்னால் பாயை விரித்தாள். ஃபேனைத் தட்டினாள். சாம்பிராணிகூடப் போட்டாள். ஸ்வெட்டரில் அப்படியொன்றும் புழுங்கவில்லை. செல்பி எடுத்து எபிக்கு அனுப்பினாள்.

"குளிருதா?" என்று கேட்டான் எபி.

"ரொம்ப" என்று எழுதினாள்.

தபிதா சுற்றுமுற்றும் பார்த்து, "பனி வீடு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. மாதக்கணக்கில் இல்லாத ஒரு நிம்மதி ஹெப்சிக்குள் வந்து உட்கார்ந்தது. இதையா விற்கப் பார்த்தோம் என்றுகூட நினைத்தாள்.

படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. சுவிசேஷமுத்துவும் குடும்பத்தாரும், ஆறு பேரும், கம்பளியில் வேர்த்து வழிய ஏறி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சாம்பசிவன் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார்.

"ஹெப்சி மேடம், இது முத்து சார் குடும்பத்தோட நேரம். இறங்குங்க. இவங்கல்லாம் வெளியில நிக்கறாங்க இல்ல?"

ஹெப்சி எழுந்து கதவருகே வந்தாள்.

"மனு எழுதிக் குடுங்க சார்" என்றாள். "ஆவன செய்யப்படும்."

கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.