பட்டினிச் சோதனையில் ஒரு துளி பூவம்பழம்

எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாகத்தான் வரும், நடுவில் மறந்தும் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். என்னைப் பேச வைத்தது ஈக்கள்.

என் மகள் செல்வி கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். எதை? பழத்தைச் சுற்றுமே பொடி ஈ, அதை. (இதற்காகவா கத்திவாக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போகிறாய் என்று கேட்டேன். முறைத்தாள்.) பட்டினி போட்டால் ஆண் ஈ முதலில் சாய்கிறதா, பெண்ணா? பெண்ணிலும் ஆணோடு சேராதது அதிகம் தாங்குமா, சேர்ந்து முட்டை சுமக்கிறது தாங்குமா? இதுதான் அவள் பார்க்க வேண்டியது.

கல்லூரியில் மின்சாரம் பழுதானதால் கண்ணாடிக் குழாய்களை எங்கள் வீட்டு அலமாரியில் கொண்டுவந்து வைத்தாள். ஆணுக்கு நீல ஒட்டு, சேராத பெண்ணுக்கு மஞ்சள், முட்டைக்காரிக்குப் பச்சை. உள்ளே ஈரத்துக்காகச் சர்க்கரை போடாத கடல்பாசி மட்டும். குழாய் வாயில் பஞ்சு. ஏற்கெனவே ஒருமுறை சோதனை கெட்டிருந்தது. இதுவும் கெட்டால், அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மேடம் இந்த வேலையை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்.

"எம்மா, எதையும் தொடாத. தொடைக்கிறேன்னு கூடக் கிட்ட போவாத. இன்னா?"

"நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்?" என்றேன். அவள் குளிக்கப் போகும்வரை தொடவில்லை.

எங்கள் தெருவில் வலை கரையேறினால் முதல் கை இறால் பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் ஏலம். அப்படிப் பழகிய கண்ணுக்குப் பச்சைக் குழாயைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வயிறு உப்பிப் போய்க் கண்ணாடியில் ஏறுகிறாள், வழுக்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். ஈர்க்குச்சி முனையில் பூவம்பழம் எடுத்தேன். பஞ்சை லேசாக விலக்கி, பச்சைக்கெல்லாம் ஒவ்வொரு துளி. (ஒருத்தி தப்பிவிட்டாள். இன்றும் அடுப்பங்கரையில் எந்த ஈயைப் பார்த்தாலும் அவளோ என்றிருக்கும்.)

மறுநாள் சாயங்காலம் செல்வி மேடத்துக்குப் போன் வீடியோவில் குழாய்களைக் காட்டினாள். நீலம் எல்லாம் சாய்ந்துவிட்டது. மஞ்சள் தள்ளாடியது. பச்சையில் மட்டும் திருவிழா.

"செல்வி! இவ்வளவு வித்தியாசமா? நான் எதிர்பார்க்கவே இல்லை!" மேடம் குரல் உயர்ந்தது. செல்விக்கு முகமெல்லாம் பல்.

சொன்னால் பெண்ணுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் பொய்யைச் சுமந்துகொண்டு சபை ஏறுவாள். கதவுக்குப் பின்னால் நின்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"இரு, அந்தக் குழாயைத் திருப்பு," என்றார் மேடம். "பஞ்சுகிட்ட கறுப்பா என்ன அது?"

செல்வி கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். "எம்மா! இங்க வா!"

"பூவம்பழம்," என்றேன். "கொஞ்சூண்டுதான். புள்ளத்தாச்சிங்க துன்னாம கெடக்குதுங்களேன்னு..."

போனில் சிக்னல் போயிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை.

"மத்த குழாய்க்கும் வெச்சீங்களாம்மா?"

"இல்லம்மா. பச்சைக்கு மட்டும்."

"அப்போ மூணையும் ஒப்பிடவே முடியாது. செல்வி, முதல்லேர்ந்து ஆரம்பி. இதுதான் கடைசித் தடவை."

செல்வி திட்டவில்லை, அழவுமில்லை. அதுதான் பயமாக இருந்தது. நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் நீலக் குழாயைத் தூக்கிப் பார்த்தார். "ஆம்பள அத்தினியும் கவுந்து கெடக்குது. இன்னாமே, அதுங்களுக்கு ஒரு துளி வெக்கத் தோணல? இந்த வூட்ல ஆம்பள கதியே இதான்!"

செல்வி வாயைப் பொத்தினாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

அடுத்த தடவை ஈக்களை மாத்தூரில் தோழி வீட்டில் வைத்தாள். வேலை கைவிட்டுப் போகவில்லை. என் பெயர்தான் போனது. சொந்தத்தில் எங்கே வளைகாப்பு நடந்தாலும், "ஈக்கே கட்டுச்சோறு போட்டவ வர்றா, வழி வுடுங்க!" என்கிறார்கள்.

ஆனால் பழமில்லாமல் அந்த முட்டைக்காரிகள் தாங்கினார்களா என்று கேட்டால் செல்வி சொல்ல மறுக்கிறாள். "சொன்னா, நீ பழத்தத் தூக்கினு மாத்தூருக்கே போவ!"

நிறங்களை நான் மாற்றி எழுதியிருக்கலாம். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அப்படியே, அந்த முட்டைக்காரிகள் பிழைத்தார்களா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள்.