நூறு வாட்ஸ் பல்பும் பெரியப்பா முகமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் காரின் இரண்டு கண்களையும் அவித்தவன் நானேதான். விதியின் மேல் பழியைப் போடலாம் என்றால், விதிக்கு முன்னால் பல்பு விற்ற கடைக்காரர் தெளிவாக எச்சரித்திருக்கிறார்.

தூத்துக்குடியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஒரே விலைக்கு எந்தப் பொட்டலம் எடை கூடவோ, அதைத் தூக்குகிற கை என்னுடையது. ஹெட்லைட் பல்பு ஃபியூஸ் ஆனபோதும் அதே கையோடுதான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"உங்க வண்டிக்கு அறுபது வாட்ஸ்தான் அண்ணாச்சி. ஜோடியா மாத்திருங்க," என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் நூறு வாட்ஸ் பல்பு மினுமினுத்தது. "அது என்ன விலை?"

"ரெண்டும் ஒரே விலைதான். ஆனா அது உங்களுக்கு ஆகாது. ரிலே வச்சு தனியா ஒயர் இழுக்கணும். இல்லன்னா சூட்டுல ஒயரே உருகிரும்."

"ஒரே விலைன்னா எவன் சின்னத எடுப்பான்? நூறையே குடுங்க."

"அண்ணாச்சி, இது பருப்பு இல்ல!"

வாங்கி மாட்டி, எதிர்வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். (எனக்கு அப்படியொரு பெருமை!)

மூன்றாம் நாள் விடியற்காலையில், சாயர்புரத்தில் என் மனைவி எஸ்தரின் பெரியப்பா இறந்துபோனார். தகப்பன் இல்லாத அவளை வளர்த்துப் படிக்கவைத்தவர். அன்று மாலையே அடக்கம். நாலரைக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் முகம் பார்த்துவிட வேண்டும்.

"நான் இப்பவே பஸ்ல போறேன்," என்றாள் எஸ்தர்.

"மழையில பஸ்ஸா? மத்தியானம் கடைய அடச்சிட்டு கார்ல போவோம். நம்ம லைட்டுக்கு முன்னால மழை இருட்டெல்லாம் ஒரு இருட்டா?" என்றேன். அழுதுகொண்டிருந்தவளிடம் பல்பு பெருமை பேசியவன் நான்.

கிளம்பும்போது மூன்றரை. மழை மூடி, உப்பளமும் ரோடும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. நூறு வாட்ஸைப் போட்டேன். கொஞ்ச தூரத்தில் எஸ்தர் மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, ஏதோ கருகுது."

"ஃபேக்டரி வாடையா இருக்கும்." (எங்கள் ஊரில் எந்த நாற்றத்துக்கும் இந்தப் பதில் செல்லும். அன்று செல்லவில்லை.)

பானெட் இடுக்கில் புகை வந்தது. விளக்குகள் அணைந்தன, அடுத்த நிமிடம் இன்ஜினும் நின்றது. திறந்தால், பல்பும் ஒயரும் அல்வா மாதிரி ஒன்றாக உருகிக் கிடந்தன. கையைக் காட்டக் காட்ட லாரிகள் எங்கள் மேல் சேற்றை வாரியடித்துவிட்டுப் போயின. அரை மணி நேரம் கழித்து ஒரு மீன் லோடு ஆட்டோ நின்றது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குந்தி, துக்க வீட்டுக்கு நெத்திலி வாடையோடு போய்ச் சேர்ந்தோம்.

பெட்டியை மூடி ஆணி அடித்தாகிவிட்டது. தூக்கப் போனவர்கள் எஸ்தரைப் பார்த்து நின்றார்கள். அவள் ஓடிப்போய் மூடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கேட்டதெல்லாம் பிற்பாடு. இன்றுவரை அந்தக் குடும்பத்தில் எந்தச் சாவானாலும், பெட்டி மூடுமுன் யாராவது ஒருவர், "நூறு வாட்ஸ் மாப்பிள்ளை வந்தாச்சாலே? அப்ப மூடுங்க," என்கிறார். அழுகிற வீட்டிலும் நாலு பேர் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். எஸ்தர் மட்டும் சிரிப்பதில்லை.

போன மாதம் அதே ரோட்டில் போகும்போது அவளிடம் மெல்லக் கேட்டேன்: "ஏளா, பெரியப்பா இருந்தா என்னைய மன்னிச்சிருப்பாருல்லா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."