காற்றுத் துவாரத்துச் சத்தமும் மாப்பிள்ளை சொன்ன பதிலும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம்; தனித்தனி அறையில் நலம். நீங்களும் என் மகளும் ஒரே அறையில் நலமாக இருக்க விரும்புகிறேன்.

புது கார் வாங்கியபோது, "பழசு சும்மாதானே நிக்குது, வச்சுக்குங்க மாமா" என்று பெருந்தன்மையோடு ஒன்றை என் தலையில் கட்டினீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஏசியைப் போட்டால் உள்ளிருந்து யாரோ நகத்தால் சுரண்டுவது போல் 'கரக் கரக்'. காற்றைக் கூட்டினால் 'கீச்'. குறைத்தால் ஒரு பெருமூச்சு. மெனக்கெட்டு உங்களுக்குப் போன் செய்து, மூன்றையும் என் வாயாலேயே செய்து காட்டினேன். அதற்கு நீங்கள் சொன்ன பதில் என்ன? "வண்டில ஒண்ணும் இல்ல மாமா, காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க." என் காதையா! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அந்தக் காதை வைத்துச் சம்பாதித்துத்தானய்யா உங்களுக்குப் பெண்ணை வளர்த்தேன்! எதிர்முனையில் ஆள் தலையாட்டினாலே எனக்குக் கேட்கும்!

சரி என்று மெக்கானிக்கிடம் போனேன். அங்கே போனதும் அந்தக் கார் கையைக் கட்டி, வாயைப் பொத்தி, பரம சாதுவாக நிற்கிறது. அவர் பெல்ட்டைப் பார்த்தார், காஸைப் பார்த்தார், கம்ப்ரஸரைத் தட்டினார். பிறகு, "வயசானா இப்படித்தான் சார்" என்றார். "வண்டிக்கா?" என்றேன். மனுஷன் துணியை எடுத்துக் கையைத் துடைக்கிறார்!

நேற்று உங்கள் அத்தையை அவள் சிநேகிதி வீட்டு விசேஷத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மழை. கண்ணாடியில் ஆவி படிந்து ரோடே தெரியல. ஹீட்டரைத் திருப்பினேன் பாருங்க, கடகடகடன்னு ஒரு சத்தம், அடுத்த நிமிஷம் துவாரத்திலிருந்து பிய்ந்த ஸ்பாஞ்சு, காய்ந்த சருகு, கடலைத் தோல் எல்லாம் பறந்து வந்து அவ முகம், தலை, புதுப் புடவை பூரா அப்பிக்கிச்சு. அவ அலறுறா. நான் துடைச்சு விட்டிருக்கணும், ஒத்துக்கிறேன். ஆனா நான் கேட்டது, "கேட்டுச்சா? இப்பவாவது சத்தம் கேட்டுச்சா?" அதோட பேச்சு வார்த்தை நின்னு போச்சு. மெக்கானிக்குக்குப் போன் போட்டா, "எலி சார், உள்ள கூடு கட்டியிருக்கும்"னு கூசாம சொல்றார்.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, என் காதிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு (எந்தக் காது என்பது உங்கள் விருப்பம்), வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

என் மகளுக்கு ஆசிகள். உங்களுக்கும் உண்டு, மன்னிப்புக்குப் பிறகு.

இப்படிக்கு,
நன்றாகக் காது கேட்கும்
மாமா

பி.கு.: வண்டியை எடுக்க வர வேண்டாம். மெக்கானிக் இப்போதுதான் வந்து டாஷ்போர்டைத் திறந்தார். ஃபில்டர் பக்கத்தில், கண்கூடத் திறக்காத குட்டிகள். உங்கள் அத்தை அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டு, "பச்சை உடம்புக்காரி இருக்கிற இடத்துல என்ன சத்தம்?" என்று என்னை அதட்டினாள். என்னிடம் பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் கார் சாவியையும் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக்கு அவசரமில்லை. இருவரும் சாப்பிட வாருங்கள். பஸ்ஸில் வாருங்கள், வாசலில் ஹாரன் அடித்தால் குட்டிகள் பயந்துவிடும்.