பதினான்காம் கல்லுக்கும் பதினைந்தாம் கல்லுக்கும் நடுவில்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நான் நலமே. வலது முழங்கால் நலமில்லை, அது தனிக்கதை. அங்கு நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். கடிதத்தைக் கண்டதும் பயந்துவிட வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு இந்த வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை.

போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் என் மகள் மூன்று கேள்வி கேட்பாள். சாப்பிட்டீங்களா. மாத்திரை போட்டீங்களா. கேஸை மூடினீங்களா. மூன்றுக்கும் ஆமாம் சொன்னால் வைத்துவிடுவாள். ஒருமுறை மூன்றுக்கும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், பேச்சு கொஞ்சம் நீளும் என்று. நீண்டது. எல்லாம் திட்டு. சாதாரண நாளில் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. முப்பத்தொரு வருஷம் நிலம் அளந்தவன், கை சும்மா இருக்குமா, அளந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கையெழுத்து வேண்டும். உங்களுடையது அல்ல, மகளுடையது. வீட்டையும் கொல்லையையும் அவள் பேருக்கு எழுதி வைத்தது உங்களுக்குத் தெரியும். அதை விற்றுவிட்டு உங்களோடு வந்து இருக்கச் சொல்லி அவள் கேட்டதும், நான் முடியாது என்றதும், அவள் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றதும் தெரியும். நீங்கள்தானே ஓட்டிப்போனீர்கள். அதனால்தான் உங்கள் வழியாகக் கேட்கிறேன். இத்துடன் இருக்கும் ஆட்சேபணை மனுவில் உரிமையாளர் கையெழுத்திட்டால்தான் செல்லும். நான் வெறும் குடியிருப்பவன். கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

எதற்கு ஆட்சேபணை என்று சொல்லிவிடுகிறேன். நம் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் புல்வெளி பாதுகாக்கப்பட்ட நிலம். அதன் எல்லைக்கற்கள் நாற்பத்திரண்டையும் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் அளந்து நட்டவன் நான். எல்லை நம் கொல்லைச் சுவர் வரைக்கும் வந்து, கொல்லையைத் தொடாமல் போகும். அது எப்படித் தொடாமல் போகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காதவரை நல்லது. அந்தப் புல்வெளிக்குள் பள்ளிக்கூடம் கட்டப்போவதாகப் போன வருஷம் ஒரு பலகை வைத்தார்கள். ஊரே கொதித்தது. ஊர் என்றால் பதினோரு வீடு.

எதிர்ப்புக் குழு நம் கூடத்தில்தான் தொடங்கியது. ஏழு பேர். தச்சர் ஏழு நாற்காலி கொண்டுவந்து போட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது மாப்பிள்ளை, உங்கள் அத்தை போன பிறகு அந்தக் கூடத்தில் ஏழு பேர் சேர்ந்து இருமியது அன்றைக்குத்தான். டம்ளர் பற்றவில்லை. டம்ளர் பற்றாத வீடு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு மாதம் இப்படி நன்றாகப் போனது, அப்புறம் பால்காரர் விலகினார், பள்ளி வந்தால் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுகிற வேலை நமக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம், அடுத்து தச்சர், அறுபது பெஞ்சு என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள், மனுஷன் வெட்கப்பட்டு நேரில் வராமல் ராஜினாமாவைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார், ஆனால் நாற்காலியைத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்க அவருக்குக் கூச்சம், கொடுக்க எனக்குக் கூச்சம், மருந்துக்கடைக்காரர் மகனோடு இருக்கப் போய்விட்டார், அவரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன், கோழிப்பண்ணைக்காரர் பள்ளியால் வரும் சத்தத்தைப் பற்றிப் பேசப்போய் மற்றவர்கள் அவர் கோழிகளால் வரும் நாற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டார்கள், எழுந்து போனவர்தான், மிச்சம் இருந்த பஸ் நடத்துநர்கள் இரண்டு பேரும் அண்ணன் தம்பி, பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, ஒருவர் வந்தால் மற்றவர் வர மாட்டார், ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் மற்றவர் வருவார் என்று நினைத்து வரவில்லை, அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆக, இன்றைய தேதியில் குழு என்பது நான். கூட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஏழு நாற்காலியும் போடுவேன். தீர்மானத்தைப் படிப்பேன். வழிமொழிய ஆள் வேண்டுமே, எழுந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வழிமொழிவேன். போன வாரம் ஒரு தீர்மானத்தில் எனக்கே உடன்பாடில்லை. ஒத்திவைத்தேன்.

பதாகை ஒன்றும் கட்டினோம். காற்றில் அறுத்துக்கொண்டு போய்த் தையல்காரம்மா வீட்டுக் கொடியில் விழுந்தது. அவர் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, எட்டாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். 'பள்ளிக்கூடம் வேண்டாம்' என்ற எழுத்து சூட்டில் லேசாக இளகியிருந்தது. கிழிந்த ஓரத்தையும் தைத்திருந்தார். இதில் விசேஷம் என்னவென்றால், அவர் பள்ளி வேண்டும் என்கிற கட்சி. வாயைத் திறந்து அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். கணவர் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். எட்டு வயதில் ஒரு பெண். அந்தப் பெண் தினம் காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறினால் ஏழரைக்குப் பள்ளியில் இறங்கும். பஸ்ஸில் தூங்கி இரண்டு முறை கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிருக்கிறது.

நிலைமை இப்படி இருக்கும்போது புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் காப்பக அலுவலர் வந்தார். கழுத்தில் எந்நேரமும் பைனாகுலர் தொங்குவதால் இங்கே அவருக்குப் பேரே பைனாகுலர். அவர் சொன்ன விதி இது. புல்வெளியில் ஆள்காட்டிப் பறவை குஞ்சு பொரிக்கிறது என்று நிரூபித்தால் அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது. அதற்கு இரு தரப்பிலும் ஒருவர், காலை ஆறிலிருந்து எட்டு வரை, முப்பது நாள் சேர்ந்து உட்கார்ந்து எண்ணி, ஒரே நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போகாத நாள் செல்லாது. அதற்குப் பதில் இன்னொரு நாள் உட்கார வேண்டும்.

ஆள்காட்டி உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெறும் தரையில் முட்டையிடும். கூடு கட்டுகிற சோலியே இல்லை, நாலு கல்லைத் தள்ளிவிட்டு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஊருக்கே கேட்கும்படி கத்தும். கத்தினால் யாரோ வருகிறார்கள் என்று கொல்லைக் கதவைத் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் யாரும் இல்லை. மாடு.

அந்தத் தரப்பில் தையல்காரம்மா, இந்தத் தரப்பில் நான். பெண்ணை பஸ் ஏற்றிவிட்டு நேரே வருவார். நான் இரண்டு நாற்காலியைக் கொல்லைச் சுவரைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டுவைப்பேன். பிளாஸ்கில் டீ. அவர் துணியில் பொத்தான் தைத்துக்கொண்டே எண்ணுவார். என்னை அண்ணா முறை வைத்துக் கூப்பிடுவார், எதிரியை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் இருக்கலாம். முப்பது நாளில் முடிய வேண்டியது அறுபத்துமூன்று நாள் ஆகியும் முடியவில்லை. காரணம் நான்தான். அவர் மூன்று என்றால் நான் நாலு என்பேன். ஒருநாள் ஒன்றுமே வரவில்லை, அவர் பூஜ்யம் என்று எழுதினார். நான் ஒன்று என்றேன்.

"எங்கண்ணா?"

"போயிடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நோட்டை மூடினார். பிளாஸ்கைத் திறந்து எனக்கும் ஊற்றினார். "நாளைக்கும் வரணும், அவ்வளவுதானே" என்றார்.

இன்னொரு நாள், உங்க பொண்ணு எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். இங்கே ஏது பள்ளி, ஹாஸ்டல்தான் என்றேன். எத்தனை வயதில் என்றார். ஒன்பது என்றேன். தகரப்பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்து, மூடியில் நானே பேர் எழுதி, எழுத்து நேராக வர அடிக்கோல் வைத்து எழுதினேன் என்றெல்லாம் சொன்னேன். அப்புறம் என்றார். அப்புறம் என்ன, காலேஜ், வேலை, கல்யாணம் என்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அதில்லண்ணா. வீட்டுக்கு எப்ப வந்தாங்க?"

லீவுக்கு என்றேன். அன்றைக்கு எண்ணிக்கை இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. ஐந்து. எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

அறுபத்துநாலாம் நாள், போன வியாழக்கிழமை, அவர் பொத்தான் ஒன்று உருண்டு போனது. தேடிப் போனவர் குனிந்த இடத்திலேயே நின்றார். "அண்ணா, இங்க வாங்க. மெதுவா." பள்ளிக்காக அடித்திருந்த மரமுளைகளுக்கு நட்ட நடுவே நாலு முட்டை. மண் நிறத்தில் கரும்புள்ளி. முழங்கால் வலியோடு நான் தேடியிருந்தால் ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அவர் பார்க்காததுபோல் திரும்பி வந்திருக்கலாம். ஒரு பொத்தான்தானே. ஏம்மா கூப்பிட்டீங்க என்று கேட்டே விட்டேன்.

"இருக்கிறத இல்லன்னு எப்படி எழுதறது?" என்றார். நோட்டில் முதல் கையெழுத்து அவருடையது.

பைனாகுலர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, முட்டையே கிடைச்சாச்சு, இனி எண்ண வேண்டாம், ஜெயிச்சுட்டீங்க சார், வீட்டு ஓனர் ஆட்சேபணை ஒண்ணு மட்டும் வந்துட்டா முடிஞ்சது என்றார். தையல்காரம்மா நாற்காலியை மடித்து என்னிடம் கொடுத்தார். வருஷக் கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்ணோடு டவுனுக்குப் போய்விடப் போகிறாராம். இதற்குமேல் பஸ்ஸில் அனுப்ப மனசில்லையாம். கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார். வெற்றிச் செய்தியை வீட்டுக்கு வந்து ஏழு நாற்காலிக்கும் அறிவித்தேன்.

ஆகவே, கையெழுத்தை வாங்கி அனுப்பவும். நாம் ஜெயித்துவிட்டோம்.

மகளிடம் சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், கேஸை மூடினேன் என்று சொல்லவும். பேத்திக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் குறைவில்லாமல், ஒரே கூரையின் கீழ், டம்ளர் பற்றாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்
(தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிப் பதினெட்டு நாள் ஆகிறது. உறையை ஒட்டிவிட்டேன், தபால் பெட்டி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தேன். இப்போது ஆவி காட்டிப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். இதற்கிடையில் தினமும் காலை ஒரு நாற்காலியோடு முட்டைகளைப் பார்க்கப் போனேன். நேற்று நாலும் பொரிந்தன. மாப்பிள்ளை, அவை அந்தப் பள்ளத்தில் ஒருநாள்கூடத் தங்கவில்லை. ஈரம் காய்ந்ததும் எழுந்து நடந்துவிட்டன. தாய் முன்னால், நாலும் பின்னால். வெறும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நான் எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். விதிப்படி.

அங்கிருந்து நேரே பைனாகுலரிடம் போய் ஒரு உண்மையைச் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். பதினான்காம் கல்லிலிருந்து பதினைந்தாம் கல்லுக்கு எல்லை நேராகப் போக வேண்டும். போனால் நம் கொல்லை முழுவதும் பாதுகாக்கப்பட்ட நிலத்துக்குள் வந்துவிடும். நான் கோட்டை வளைத்தேன். மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அதே மாதம். படித்து முடித்து வந்து பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ள இடம் வேண்டும் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷ வேலையில் நான் வளைத்த ஒரே கோடு அது. பள்ளிக்காகப் புதிதாக அளந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயமும் எதிர்ப்புக்கு ஒரு காரணம். பைனாகுலர் பதறவில்லை. "அது எங்களுக்கு எப்பவோ தெரியும் சார். சாட்டிலைட் படத்துலயே தெரியுது. அளந்தவர் அன்னிக்கு அரைத் தூக்கத்துல இருந்திருப்பாருன்னு விட்டுட்டோம். ஆவணத்துல இருக்கிற கோடுதான் சட்டம்." இருபத்தெட்டு வருஷப் பயம், மாப்பிள்ளை. அரைத் தூக்கமாம்.

ஆக, நம் கொல்லை எல்லைக்கு வெளியே. ஒன்றேகால் ஏக்கர். நேற்று மாலை சங்கிலி வைத்து அளந்தேன், மறுமுனையைத் தையல்காரம்மாவின் பெண் பிடித்தாள். ஆறு வகுப்பறை, ஒரு முற்றம், தாராளமாக வரும். ஆள்காட்டி அங்கேயே இருக்கும், பள்ளி இங்கே இருக்கும். குழு அவசரமாகக் கூடி இதை ஏகமனதாக நிறைவேற்றியது. தச்சர் நாற்காலியை எடுத்துப்போக வந்தவர், வழிமொழிந்துவிட்டுப் போனார். ஆகவே மேலே நான் எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடவும். ஆட்சேபணை மனுவைக் கிழித்துவிடவும். வேறொரு தாளில் கையெழுத்து வேண்டும், கொல்லையைப் பள்ளிக்குக் கொடுக்கும் தாள். அதை இத்துடன் அனுப்பவில்லை. உரிமையாளர் இங்கே நேரில் வந்துதான் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. விதி அப்படி இல்லை. ஆனால் அவளிடம் அப்படிச் சொல்லுங்கள். அந்தத் தாளில் பென்சில் குறி எதுவும் போடவில்லை. இடத்தை நானே காட்டுகிறேன்.